ஐந்தில் இரண்டு

மர்வாவின் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருப்பதைச் சாபேரா கவனித்தது, முதல் உறைபனி விழுந்த வாரத்தில். இலையுதிர்காலத் தொடக்கத்தில்தான் தைத்த கருப்புச் சீருடை.

"கையை நீட்டு."

மர்வா நீட்டினாள். இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பு தெரிந்தது.

"துவைச்சதுல சுருங்கிடுச்சும்மா."

"துணி சுருங்கல. நீ வளர்ற."

சாபேரா அதைச் சொன்ன விதம், பிள்ளை ஏதோ உடைத்துவிட்டதைக் கண்டுபிடித்ததைப் போல இருந்தது. மடிப்பைப் பிரித்து விட எவ்வளவு துணி மிச்சமிருக்கிறது என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து தேநீர் வைக்கப் போனாள். தண்ணீர் கொதிக்கும்முன் திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.

ஹெராத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுகிறது. ஆட்சியைப் பிடித்த ஆட்கள் ஏழாம் வகுப்பின் கதவை மூடி இது நான்காவது குளிர்காலம். மர்வா ஆறாம் வகுப்பில் இருந்தாள். ஆண்டுத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அது மட்டும் என்றால் சாபேரா இவ்வளவு அலைபாய்ந்திருக்க மாட்டாள். கோடையில் கணவனின் அண்ணன் ரசூல் வீட்டுக்கு வந்து, தன் மகன் ஜவாதுக்கு மர்வாவைக் கேட்டிருந்தார். ஜவாதுக்குப் பத்தொன்பது வயது. மர்வாவுக்குப் பன்னிரண்டு. மறுத்துப் பேச வீட்டில் ஆண் இல்லை. கணவன் ஹஸ்ரத் எல்லை தாண்டி மஷ்ஹதில் தரைக்கல் பதித்துக்கொண்டிருந்தான். பெண் தனியே போகக் கூடாத ஊரில், சந்தைக்கானாலும் மருத்துவரிடமானாலும் சாபேராவோடு துணைக்கு வர இருந்த ஒரே ஆண் ரசூல்தான். ஆகவே அண்ணன் முறை வைத்துப் பணிவாகச் சொன்னாள்: "பள்ளிக்கூடம் முடியட்டுமே லாலா."

ரசூல் தாடியைத் தடவினார். "அதுவும் சரிதான். குளிர்காலம் வரைக்கும்தானே?"

அவர் போன பிறகுதான் சாபேராவுக்கு உறைத்தது. தட்டிக்கழித்ததாக நினைத்து, நாளைக் குறித்துக் கொடுத்திருந்தாள்.

பள்ளிக்குப் போகிறவரை மர்வா குழந்தை. போகாத நாளிலிருந்து குமரி. ஊரின் கணக்கு அவ்வளவுதான்.

*

சாபேராவும் ஒரு காலத்தில் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இதே ஆட்கள் முதல் தடவை நகருக்குள் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. ஆறு வருஷம் வீட்டில் இருந்தாள். பக்கத்துத் தெருவில் தையல் வகுப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போவாள். பையில் மேலே துணி, அடியில் கணக்குப் புத்தகம். அங்கே தைத்தும் கொடுக்க வேண்டியிருந்ததால் இரண்டையும் கற்றாள். அவர்கள் போனபின் பதினேழு வயதில் ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். "அக்கா, நீங்க டீச்சரா?" என்று முதல் நாள் ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சாபேராவும் சிரித்தாள், பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

படித்து முடித்து, சின்ன வகுப்புக் கணக்கில் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் சொல்லித்தருகிற ஆசிரியை ஆனாள். இப்போது மேல்வகுப்புகள் இல்லாததால் அதே கட்டடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு. எங்கே நின்றாலும் ஒரு விஷயத்தில் அவள் மாறவில்லை. மதிப்பெண்ணில் அரைப் புள்ளிகூட யாருக்கும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாகாண அதிகாரியின் மகளை ஒரு வருஷம் தோற்கடித்து, அதற்காக வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்தும் அதே அதிகாரியின் இரண்டாவது மகளைத் தோற்கடித்தவள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான்.

*

அன்று சாயங்காலம் சந்தலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கட்டை மேசைக்கடியில் தணல் சட்டி, மேலே பெரிய ரஜாய்ப் போர்வை. இடுப்புக்குக் கீழே வெயில், மேலே பனி. மர்வா புவியியல் புத்தகத்தை வைத்து வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"மர்வா ஜான், இந்த வருஷம் நீ தோக்கணும்" என்றாள் சாபேரா.

மர்வா நிமிரவில்லை. "யாரு?"

"நீதான்."

"அம்மா, நான் முதல் நம்பர். மூணாங் கிளாஸ்லேருந்து."

"அதனாலதான் சொல்றேன். மூணு பாடத்துல தோத்தா வசந்தத்துல மறுதேர்வு வச்சு பாஸ் போட்டுத் தள்ளி விட்டுடுவாங்க. நாலு பாடத்துல தோத்தா அதே வகுப்பு, இன்னொரு வருஷம். நாலு வேணும்."

"சுமய்யா முதல் நம்பர் வாங்கிடுவா."

"வாங்கட்டும்."

"அவ வருஷம் பூரா சொல்லிக்காட்டுவா!"

"வருஷம் பூரா அவ பள்ளிக்கூடத்துலயே இருக்க மாட்டாடி. யாருகிட்ட சொல்லிக்காட்டுவா?"

மர்வா புத்தகத்தை மூடினாள். கொஞ்ச நேரம் ரஜாயின் நூலைப் பிடித்து இழுத்தாள். "வசந்தத்துல ஏழாவது திறக்கப் போறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. திறந்துட்டா? ஆறாவது பாஸ் பண்ணவங்க மட்டும் உள்ளே போவாங்க. நான் வெளிய நிப்பேன்."

இந்தப் பேச்சு ஒவ்வொரு குளிர்காலமும் வரும். ஒவ்வொரு வசந்தத்திலும் போகும்.

"திறந்தா நான் உன்னை முதுகுல தூக்கிட்டுப் போய் ஏழாவதுல உக்கார வைக்கிறேன். திறக்கலன்னா உன் பெரியப்பா வந்து வாசல்ல நிப்பாரு."

ஜவாதின் பெயரைச் சாபேரா சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. மர்வா ரஜாயைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"எப்படித் தோக்கறது? எனக்குத் தெரியாதே" என்றாள் கடைசியில்.

*

அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

தாளை வெறுமையாக விட முடியாது. போன வருஷம் வேறொரு பள்ளியில் பதினோரு பிள்ளைகள் வெறுந்தாள் கொடுத்து, கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, பதினோரு பேரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையாகவே தெரியாத பிள்ளை எழுதுவதைப் போல எழுத வேண்டும். சாபேராவுக்குப் பதினைந்து வருஷத்துத் தவறுகள் மனப்பாடம். எந்தத் தவறை எந்தப் பிள்ளை செய்தாள் என்பதுகூட நினைவிருந்தது.

"பின்னத்தைக் கூட்டச் சொன்னா, மேல இருக்கறதை மேல இருக்கறதோட கூட்டு, கீழ இருக்கறதைக் கீழ இருக்கறதோட. அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா என்ன?"

"ஆறுல அஞ்சு."

"தப்பாச் சொல்லு."

மர்வாவின் உதடு அசைந்து நின்றது. "அஞ்சுல ரெண்டு."

"ஆங். நஜ்லான்னு ஒரு பொண்ணு, மூணு வருஷம் இதையே எழுதினா. நல்ல பொண்ணு. இப்ப நாலு பிள்ளைக்குத் தாய்."

"அம்மா, அரையை விட அஞ்சுல ரெண்டு சின்னது. அரையோட ஒண்ணைக் கூட்டினா எப்படிக் குறையும்? இது கூடவா ஒருத்திக்குத் தெரியாது?"

"தெரியாது. நீயும் தெரியாத மாதிரி இரு."

அடுத்த பத்து நாளும் இதே பாடம். மேற்கே ஓடுகிற ஹரி ஆற்றைத் தெற்கே திருப்பி விட்டார்கள். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல் ஆக்கினார்கள். தண்ணீர் எண்பது டிகிரியில் கொதித்தது. சில சமயம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். மர்வா கோமாளித்தனமாக ஒரு விடை சொல்லி, "இது எப்படி?" என்று கேட்பாள். "இவ்வளவு முட்டாள் யாரும் கிடையாது, குறைச்சுக்கோ" என்பாள் சாபேரா. சிரித்து முடித்ததும் சாபேரா எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். தொழுகை விரிப்பில் நின்றால் எத்தனையாவது ரக்அத், தொழுகையின் எந்தச் சுற்று என்பது மறந்துபோகும். பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கட்டிக்கொடுப்பது எது என்று கேட்டால் அந்த ஆட்கள் வேறு ஒரு பெயர் சொல்வார்கள். இரண்டையும் படைத்தவனிடமே விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொழுவாள்.

*

தேர்வு ஒன்பது நாள் நடந்தது. தோற்க வேண்டிய பாடங்களாகப் புவியியல், தரி மொழி, அறிவியல், கணக்கு என்று முடிவாகியிருந்தது. முதல் மூன்றையும் முடித்துவிட்டு வந்த நாட்களில் மர்வா செருப்பைக்கூடக் கழற்றாமல் எத்தனை தப்பு என்று சொன்னாள். கணக்குத் தேர்வன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

பள்ளியில் கணக்கு ஆசிரியை சாபேரா ஒருத்திதான். மகள் தாளையும் அவள்தான் திருத்த வேண்டும், பிறகு தலைமையாசிரியை குல்செஹ்ரா ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். மறுநாள் பிற்பகல் ஜன்னலோரம் உட்கார்ந்து சாபேரா கட்டைப் பிரித்தாள். பதினேழாவது தாள் மர்வாவுடையது.

முதல் கணக்கு சரி. இரண்டாவது சரி. அரையும் மூன்றில் ஒன்றும்: ஆறில் ஐந்து. தரி எண்ணில் தலைகீழ் இதயம் போல வளையும் ஐந்து, அவள் கையெழுத்தில். கடைசிக் கணக்குக்கு இரண்டு வழியில் விடை கண்டு, இரண்டும் ஒன்றுதான் என்று அடியில் கோடு போட்டிருந்தாள். அறுபதுக்கு அறுபது.

"மர்வா!"

மர்வா வாசற்படியில் வந்து நின்றாள். தாளைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டாள்.

"என்னடி இது? பத்து நாளா தொண்டை கிழியக் கத்தினேனே?"

"எழுதத்தான் உக்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"மத்த பாடத்தை வேற டீச்சருங்க திருத்துவாங்க. அவங்க என்ன நினைச்சா எனக்கென்ன. இதை நீ திருத்துவேல்ல?" மர்வா வாசல் நிலையை நகத்தால் சுரண்டினாள். "உன் முன்னாடி முட்டாளா இருக்க என்னால முடியலம்மா. கையே வரல."

சாபேரா சிவப்புப் பேனாவை மூடினாள், திறந்தாள். மூன்று பாடத் தோல்வி. வசந்தத்தில் மறுதேர்வு. அதுவரைக்கும் ரசூல் காத்திருக்க மாட்டார். பள்ளி முடிந்தது என்றுதான் அவருக்குப் படும். சரியான விடைகளின் மேல் குறுக்குக் கோடு போட்டுவிடலாம். பேனாவை முதல் கணக்கின் மேல் கொண்டுபோனாள். கை இறங்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருக்கிற கணக்கை அவள் அடித்ததே இல்லை.

எழுந்து உடல் மூடும் சாதரைப் போட்டுக்கொண்டாள். குல்செஹ்ராவின் வீடு பள்ளிக்கு அடுத்த சந்தில் இருந்தது. தனியாகப் போகக் கூடாத தூரம் இல்லை, போகலாம் என்று சொல்லக்கூடிய தூரமும் இல்லை.

குல்செஹ்ரா மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தைந்து, பருத்த உடம்பு, கேலி பேசாமல் நாலு வார்த்தை சேர்க்கத் தெரியாதவள்.

"வாடி. என்ன, முகம் திரிஞ்ச பால் மாதிரி கிடக்கு?"

"அக்கா, பள்ளிக்கூட முத்திரை வச்ச விடைத்தாள் ஒண்ணு வேணும். வெறுந்தாள்."

குல்செஹ்ரா மாதுளை முத்துகளைக் கிண்ணத்தில் தட்டினாள். "இந்த வருஷம் ஆறாம் வகுப்புல பாதிப் பேருக்கு மூளை மங்கிடுச்சு, பாத்தியா? நானும் யோசிச்சுட்டே இருக்கேன், குழாய்த் தண்ணியில ஏதோ இருக்குன்னு." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு தாளை நாலாக மடித்து நீட்டினாள். "ஒரு தாள்ல மை கொட்டிடுச்சுன்னு எழுதிக்கறேன். மை கொட்டறதுல என் கைக்கு ஈடு கிடையாது."

"அக்கா, நான் இது வரைக்கும் ஒரு மார்க்கு கூட..."

"தெரியும். அதனாலதான் உன் தாளை நான் எந்த வருஷமும் பிரிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போடறேன். போ, இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரு."

மர்வா எழுத மறுத்தாள். அழுதாள், பேனாவைத் தள்ளிவிட்டாள். ஆகவே சாபேராவே எழுதினாள். பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை என்பதால் மகளின் எழுத்து அவளுக்கு வந்தது. இடப்பக்கம் சாயும் நான்கு, தலைகீழ் இதயமான ஐந்து. முதல் கணக்கில் கழிக்கும்போது கடன் வாங்க மறக்கிற மஸ்தூரா, மூன்றாவதில் நஜ்லா, ஐந்தாவதில் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழோடு நின்றுபோன அந்த ரொட்டிக்கடைக்காரர் மகள். பழைய மாணவிகள் எல்லாரும் அந்தத் தாளுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். எழுதி முடித்து, சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினாள். நான்காவது கணக்கில் விடை தப்பு, வழி பாதி சரி. அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டாள். தானே எழுதிய தப்புக்கும் நியாயமாக மதிப்பெண் போடுவதை அப்புறம்தான் கவனித்தாள். அறுபதுக்குப் பத்தொன்பது.

பிறகு மர்வாவின் தாளை எடுத்து, அதையும் ஒவ்வொரு கணக்காகத் திருத்தினாள். கடைசியில் 'அறுபது' என்று எழுதி வட்டமிட்டு மகளிடம் நீட்டினாள்.

"பாத்துக்கோ."

மர்வா பார்த்தாள்.

"பாத்துட்டியா? கொடு."

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

கொஞ்ச நேரம் கொடுத்தாள். அப்புறம் வாங்கித் தணலில் போட்டாள்.

*

முடிவு படித்த நாளில் பள்ளி முற்றத்தில் பனி. குல்செஹ்ரா பெயர்களைப் படித்தாள். முதல் நம்பர் சுமய்யா. காகிதப் பூமாலையைக் கழுத்தில் போட்டதும் அவள் விம்மி விம்மி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று தாய்மார்களில் யாரும் சொல்லவில்லை. தோற்றவர்கள் பட்டியலில் ஆறாவதாக மர்வாவின் பெயர். முற்றத்தின் தலைகள் சாபேராவின் பக்கம் திரும்பின. கணக்கு டீச்சரின் மகள், கணக்கிலும் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரசூல் வந்தார். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் ஜவாதைப் பற்றிப் பேசாமல் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"என்ன வாத்தியாரம்மா, ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் வெளிச்சம் காட்டறீங்க. சொந்த வீட்டுல விளக்கு எரியலையாமே?"

"அவளுக்குப் படிப்பு ஏறல லாலா. நான் என்ன பண்ண?"

"பொம்பளைப் பிள்ளை, ஏறலன்னா விட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?"

"பாதியில விட்டா, தோத்து வெளிய வந்தவன்னு பேரு நிலைச்சுடும். நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு அந்தப் பேரு வேணுமா?"

இதை அவள் நான்கு நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். 'உங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு' என்ற இடத்தில் நாக்கு கசந்தது. ரசூல் கோப்பையை வைத்தார். ஊர்ப்பேச்சுக்கு அவர் பயப்படுகிறவர்.

"அடுத்த குளிர்காலம்" என்றார். "பாஸோ ஃபெயிலோ, அதுக்கு மேல ஒரு நாள் இல்ல. தம்பிகிட்டயும் போன்ல சொல்லிட்டேன்."

ஹஸ்ரத் அன்றே அழைத்தான். "அண்ணன் முகத்துல அடிச்ச மாதிரி பேசிடாதே சாபேரா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எத்தனை மாசம் கிடைச்சிருக்கு?" என்று கேட்டான்.

"பன்னிரண்டு."

"நல்லது" என்றான். பின்னால் கல் அறுக்கும் இயந்திரம் இரைந்தது.

*

வசந்தத்தில் பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பு திறக்கவில்லை. சாபேரா சட்டைக் கையின் மடிப்பைப் பிரித்துத் தைத்தாள். இனிப் பிரிக்க மடிப்பு இல்லை. மர்வா முதுகை வளைத்து நடக்கப் பழகியிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவளை விட ஒரு தலை உயரம்.

மூன்றாவது வாரம் வெள்ளை மேலங்கி போட்ட ஒழுக்கத் துறை ஆள் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். பின்னால் குல்செஹ்ரா, அன்று அவளிடம் கேலி இல்லை. அவர் வகுப்பை ஓரக்கண்ணால் அளந்துவிட்டு, பெண்களைப் பார்க்கக் கூடாதென்று சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"கடைசி வரிசையில இருக்கறது யாரு? எழுந்து நில்லு. வயசு?"

"பன்னிரண்டு" என்றாள் மர்வா. பிப்ரவரியிலேயே பதின்மூன்று ஆகிவிட்டது.

"ஆறாவதுக்கு இவ்வளவு உயரமா? சிலது இங்கேயே உக்கார்ந்துக்கணும்னு வேணும்னே தோக்குதுங்களாம். எங்களுக்குத் தெரியாதுன்னு நினைப்பு." சுவரைப் பார்த்தபடியே சாபேராவிடம் சொன்னார். "நிஜமாவே மந்தமா, நடிப்பான்னு பாத்துடலாம். போன வருஷக் கணக்குல ஒண்ணு கேளுங்க."

சாபேராவின் கையில் சுண்ணக்கட்டி இருந்தது. மர்வா அவளைப் பார்த்தாள். தேர்வறையில் தாள் முன்னால் வராத கை. இங்கே தாள்கூட இல்லை, நேராக அம்மாவின் முகம்தான்.

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவு?" என்றாள் சாபேரா.

முன்வரிசையில் இரண்டு சின்னப் பிள்ளைகள் கையைத் தூக்கிவிட்டு, பயந்து இறக்கிக்கொண்டார்கள்.

மர்வா அம்மாவின் கண்ணை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னாள்: "அஞ்சுல ரெண்டு."

அவருக்கு விடை தெரியவில்லை. "சரியா?" என்று சாபேராவைக் கேட்டார்.

"தப்பு, மௌலவி சாஹிப்."

"யாரு பொண்ணு இது?"

குல்செஹ்ரா வாயைத் திறந்தாள். அதற்குள் சாபேரா சொன்னாள்: "என் பொண்ணு."

அவர் முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பினார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. "வாத்தியார் வீட்டுல இப்படியா!" என்று சொல்லி, பதிவேட்டில் எதையும் எழுதாமல் அடுத்த வகுப்புக்குப் போனார்.

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. அடுத்த வகுப்பின் கதவு திறந்தது, மூடியது. மர்வா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முதுகு வளையவில்லை. முகம் காது வரை சிவந்திருந்தது.

சாபேரா பலகைக்குத் திரும்பி அதே கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதினாள். சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது. ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டாள், மற்றதை நீட்டினாள்.

"வா" என்றாள். "வந்து சரியாப் போட்டுக் காட்டு. சத்தம் போடாம."

மர்வா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். சாபேரா கதவருகே போய், வெளியே பார்த்தபடி நின்றுகொண்டாள்.